வேறு பாடத்தில் இருந்த உணவுக்குழாய்

மயிலாப்பூர்க் குளக்கரையில் நான் வழக்கமாகப் பேனா வாங்கும் கடை வாசலில் இன்று பள்ளிக்கூட வரைபடங்களைக் கொடியில் மாட்டி வைத்திருந்தார்கள். தேசத் தலைவர்கள், காய்கறிகள், போக்குவரத்து விதிகள், நடுவில் மனித இதயம். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம், சுற்றிலும் வெள்ளைத் தாள். நுரையீரல் இல்லை, விலா இல்லை, பின்னால் ஒன்றுமே இல்லை. அந்தரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தது. நானும் அதன் முன்னால் நின்றுவிட்டேன்.

"இன்னா மேடம், பேத்திக்கா? எடுக்கட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"இல்லப்பா. இதுல ஒரு குறை இருக்கு."

அவர் தாளை இறக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரிண்ட்டு நல்லாத்தானே கீது?" என்றார்.

நீ இருந்திருந்தால் அந்த மனிதரை விட்டிருக்க மாட்டாய். அங்கேயே நிற்கவைத்து ஒரு பீரியட் பாடம் எடுத்திருப்பாய். எனக்கு அந்தத் துணிச்சல் ஏது? பேனாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதே பேனாவால் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ உயிரியல், நான் தமிழ். அந்தப் பெண்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் ஜன்னலோரத்து மேஜையை ஓய்வு பெறும்வரை நாம் இருவரும்தான் பங்கு போட்டுக்கொண்டோம். நான் பிறந்து வளர்ந்ததே மயிலாப்பூர். நீ சைதாப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். உன் வீட்டுக்காரருக்கு அங்கே மெத்தைக் கடை. என் பேச்சை நீ கேலி செய்வாய், உன் பேச்சை நான். "இன்னாடி தமிழம்மா, உங்க ஆத்துல இன்னிக்கு இன்னா ரசம்?" என்று வேண்டுமென்றே இரண்டையும் குழைத்துக் கேட்பாய். வகுப்பில் கால் வைத்துவிட்டால் மட்டும் அச்சடித்த தமிழ் பேசுவாய். எனக்கே பொறாமையாக இருக்கும்.

உன் இதய வகுப்பை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். சாக்பீஸைப் பலகையில் வைத்தால் எடுக்காமல் ஒரே கோட்டில் இதயத்தை வரைந்து முடிப்பாய். பிறகு திரும்பி, எல்லாரையும் கையை முட்டியாக மடக்கச் சொல்வாய். "இவ்வளவுதான் இருக்கும். நீங்கள் தூங்கும்போதும் இது விடுமுறை கேட்பதில்லை" என்பாய். வகுப்பு மொத்தமும் தன் முட்டியைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். திருக்குறள் நடத்தி ஒரு நாளும் எனக்கு அப்படியோர் அமைதி கிடைத்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு நாம் சந்தித்துக்கொண்டது கோட்டூர்புரம் பூங்காவில். உனக்கும் எனக்கும் நடுவழி என்று நீதான் தேர்ந்தெடுத்தாய். அங்கேதான் ஒரு காலை, நடந்துகொண்டிருந்தவள் பெஞ்சில் உட்கார்ந்து என் விரல்களை எடுத்து உன் மணிக்கட்டில் வைத்தாய்.

"எண்ணு."

"எண்ண முடியலைடி. ஓடறது, நிக்கறது, திடீர்னு மறுபடி ஓடறது. என்னடி இது?"

"உன் பாஷையில சொன்னா தளை தட்டுது" என்று சிரித்தாய். மூச்சு வாங்கியது. வெண்பாவில் தளை தட்டினால் திருத்தி எழுதிவிடலாம். உன் கைக்குள் ஓடிய அந்தத் தப்பான தாளத்தை என்ன செய்வது?

மருத்துவர் அதை விளக்கினார். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. கண்ட கண்ட இடத்திலிருந்து மின்சாரம் கிளம்பி வந்து குழப்புகிறது. கொஞ்ச காலம் மாத்திரை. மாத்திரைக்கு அது கட்டுப்படவில்லை. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய வயரை இதயத்துக்குள் செலுத்தி, அந்தத் திருட்டு மின்சாரம் வருகிற இடங்களுக்குச் சூடு வைத்து அடைத்துவிடலாம் என்றார். நெஞ்சைத் திறக்க வேண்டாம், தையல் வேண்டாம். பிறகு என்னென்ன தவறிப் போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தொடையில் ரத்தம் கசியலாம். இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் தேங்கி இதயத்தை நெரிக்கலாம். ரத்தக்கட்டி மூளைக்குப் போகலாம். நான் அதற்குள் கபாலியை நூறு தடவை கூப்பிட்டிருப்பேன். நீயோ பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணாட்டம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "எந்தப் பக்கத்துச் சுவரு டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா. ரொம்ப ரொம்ப அபூர்வம், ஆனா சொல்லியாகணும்" என்றார் அவர். "இதயத்தோட பின் சுவரை ஒட்டியே உணவுக்குழாய் போகுது. நாங்க வெக்கிற சூடு சில சமயம் அதுல தாவிடும். சில வாரம் கழிச்சுக்கூட ரெண்டுக்கும் நடுவுல ஓட்டை விழலாம். காய்ச்சல் வந்தாலோ, முழுங்கும்போது வலிச்சாலோ நேரா இங்கதான் வரணும். வேற யாரும் வாய் வழியா குழாய் விட அனுமதிக்கக் கூடாது."

தலையாட்டினோம். அபூர்வம் என்ற சொல்லைக் கேட்டதும் மனிதர்களின் காது மூடிக்கொள்கிறது.

வயர் சிகிச்சை நடந்த அன்று நானும் உன் மகன் அன்வரும் வெளியே நாற்காலியில் இருந்தோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மருத்துவர் அந்த வரைபடத்தை உன்னிடம் காட்டினார். வயர் உள்ளே தொட்டுத் தொட்டுப் போன இடங்களை வைத்துக் கணினி வரைந்த உன் இதயம். ஊதா, பச்சை, சிவப்பு. அதை அப்படியும் இப்படியும் சுழற்றிக் காட்டினார். அவர் போன பிறகு நீ சொன்னாய்: "நான் இத்தினி வருசமா வெளியேர்ந்து வரைஞ்சுக்கினு இருந்தேன். இவங்க உள்ளேர்ந்து வரையறாங்கடி." உன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். தாளம் சீராக இருந்தது. கண்டம் தாண்டியாயிற்று என்று நாம் எல்லாரும் நம்பினோம்.

சில வாரங்களில் நோன்பு மாதம் வந்தது. மாத்திரைகளை விடியலுக்கு முன் சஹரிலும் மாலை இஃப்தாரிலும் போட்டுக்கொள்வதாக மருத்துவரிடம் வாதாடி, அரை மனதாக அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டாய். ஆசிரியையிடம் வாதாடி ஜெயித்தவர் யார்? ஒரு மாலை நோன்பு திறக்க என்னையும் கூப்பிட்டிருந்தாய். உன் மருமகள் நஸ்ரின் வைத்த கஞ்சி. அந்த வாசனைக்கே சைதாப்பேட்டை வரை வரலாம். பேரீச்சம்பழம் தின்று, முதல் வாய்க் கஞ்சியை விழுங்கியதும் உன் முகம் சுருங்கியது. கை நடுநெஞ்சுக்குப் போயிற்று.

"எறங்கும்போது குத்துதுடி."

"ஊதிக் குடிக்கணும்னு தெரியாதா? இந்த வயசுல என்ன அவசரம்?"

"பகல் பூரா காஞ்ச வயிறு. ஆசிட்டு. ஜீரண மண்டலம், மூணாம் பாடம்" என்று நீயே தீர்ப்பு எழுதினாய். நானும் ஒப்புக்கொண்டேன். இதயம் ஏழாம் பாடம். அதை முடித்து, பரீட்சை வைத்து, மதிப்பெண்ணும் போட்டாயிற்று. நெஞ்சில் குத்துகிற வலிக்கு ஏழாம் பாடத்தைப் புரட்ட வேண்டுமென்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பாடம் பாடமாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தே பழகியவர்களுக்கு உடம்பும் அப்படித்தான் பிரிந்து கிடப்பதாக ஒரு நினைப்பு. இந்தத் தவறை, உறையில் குத்திய ஊசி பஞ்சுக்கும் போகும் என்று தெரிந்த ஒரு மெத்தைக் கடைக்காரர் செய்திருக்க மாட்டார்.

பிறகு காய்ச்சல் வந்தது. நோன்பை விட்டுவிட்டுப் படுத்தாய். குளிர் தூக்கிப் போட்டது. தெருமுனை மருத்துவர் மருந்து கொடுத்தார். விழுங்க வலிக்கிறதென்று நீ சொன்னதும், எதற்கும் இரைப்பையில் கேமரா விட்டுப் பார்த்துவிடலாம் என்று ஒரு பரிசோதனை மையத்துக்கு எழுதிக் கொடுத்தார். அன்வர் நம்மை அங்கே இறக்கிவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடிப் போனான். வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சுகர் இருக்கா? பிரஷர்? ஆபரேஷன் எதுனா பண்ணிருக்கீங்களா?"

"இல்லம்மா" என்றாய்.

நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அது சரியான பதிலாகத்தான் பட்டது. கத்தி படவில்லை, தையல் இல்லை, மறுநாளே வீட்டுக்கு வந்தாயிற்று. நம் வீடுகளில் அதற்குப் பெயர் 'ஹார்ட்டுல கரண்ட் வெச்சது'. அதை ஆபரேஷன் என்று யார் சொன்னார்கள்?

உட்காரச் சொன்னார்கள். எதிர்ச் சுவரில் பெரிய படம் ஒன்று: வாய், உணவுக்குழாய், இரைப்பை, குடல். காய்ச்சலோடு நீ எழுந்து அதனருகே போனாய். படத்தைக் கண்டால் உனக்குக் கால் நிற்காது. விரலைத் தொண்டையில் வைத்துக் கீழே இழுத்துக்கொண்டு வந்தாய்.

"பாரு, படம் போட்டவன் தொண்டையிலேர்ந்து நேரா வயித்துக்கு எறங்கிட்டான். நடுவுல அக்கம்பக்கத்து வீடு ஒண்ணுகூட காணோம். என் ஸ்டூடன்ட் வரைஞ்சிருந்தா மார்க்கு கொறைச்சிருப்பேன்."

"வந்து உக்காருடி. உடம்பு அனலாக் கொதிக்கறது."

நீ வரவில்லை. அந்தக் குழாயின் நடுப்பகுதிக்கு முன்னால், கண்ணாடிச் சட்டத்தின் மேலேயே, விரலால் இதயத்தை வரைந்தாய். அதே ஒற்றைக் கோடு. மேலே தொடங்கி, கீழே கூராகி, பின்பக்கமாக ஏறியது. பின் சுவர் வந்த இடத்தில் உன் விரல் குழாயின்மேல் முட்டி நின்றது. எவ்வளவு நேரம் நின்றதோ தெரியாது. நீ திரும்பியபோது உன் முகத்தில் ரத்தமே இல்லை.

"தமிழம்மா. அந்த டாக்டரு கடைசியா ஒண்ணு சொன்னாரே. இன்னா அது?"

சூடு, உணவுக்குழாய், ஓட்டை, எல்லாம் ஒன்றாக எனக்கு நினைவுக்கு வந்தன. அந்த நேரம் பார்த்து உன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நீ நடந்து உள்ளே போனாய். நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே குழாயைக் கையில் எடுத்துத் தயாராக நின்ற மருத்துவரிடம் சொன்னாய்: "டாக்டர், வெளிய தப்பா சொல்லிட்டேன். ஆபரேஷன் பண்ணிருக்கேன். ஹார்ட்டுக்குள்ள சூடு வெச்சிருக்காங்க. இப்ப காய்ச்சல், முழுங்கினா வலி."

அந்த மனிதர் குழாயை எடுத்த இடத்திலேயே வைத்தார். நாற்காலியை இழுத்து உன்னை உட்காரவைத்தார். பிறகு தன் கைப்பேசியை எடுத்து, உனக்குச் சிகிச்சை செய்த மருத்துவமனையை அவரே அழைத்தார். "தண்ணிகூடக் குடுக்காதீங்க. படுக்க வெச்சு, உடனே கூட்டிட்டுப் போங்க" என்று என்னிடம் சொன்னார். முன்பின் தெரியாத அவரை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஆம்புலன்ஸில் போகும்போதே உன் வலது கை என் கையிலிருந்து நழுவத் தொடங்கியது. "பிடிடி" என்றேன். "பிடிச்சுக்கினுதான் கீறேன்" என்றாய். பிடி இல்லை. நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பின் சுவரில் ஓட்டை விழுந்திருந்தது. உணவுக்குழாயிலிருந்து துளிக் காற்று இதயத்துக்குள் புகுந்து மூளைக்கும் போயிருந்தது. கேமரா விடும்போது காற்றை ஊதித்தான் அந்தக் குழாயை விரிப்பார்களாம். "அந்தக் காத்து உள்ள போயிருந்தா..." என்று ஆரம்பித்த இதய மருத்துவர், பின்னாலேயே வந்துசேர்ந்திருந்த அன்வரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சாதாரணமாகப் பிழைக்கிறவர்கள் குறைவு, சீக்கிரம் வந்துவிட்டதால் முயன்று பார்க்கலாம் என்றார். உன் நெஞ்சைத் திறக்க உடனே கொண்டுபோனார்கள்.

அந்தப் பகலை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்குத் தெரியாது. அன்வர் மாடிப்படி ஓரமாகத் துண்டை விரித்துத் தொழுதான். நான் அவன் செருப்புக்குக் காவல்போல் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததையெல்லாம் முணுமுணுத்தேன். பயத்துக்கு நடுவிலும் ஒரு வியப்பு என்னை விடவில்லை. அறுபது வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு வாய்ச் சோறும், ஒவ்வொரு மிடறு காபியும் என் இதயத்தை முதுகுப்பக்கமாக உரசிக்கொண்டுதான் இறங்கியிருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு வெங்காயத் தோல் கனம். இந்தப் பக்கம் துடிக்கிறது, அந்தப் பக்கம் ரசம் சாதம் போகிறது. ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுத்ததே இல்லை. இதை யார் இவ்வளவு நெருக்கி வைத்தார்கள்? எந்த நம்பிக்கையில் வைத்தார்கள்? கோயிலில் நிற்கும்போதுகூட எனக்கு அப்படிக் கை குவிந்ததில்லை.

அறுவை மருத்துவர் வெளியே வந்தார். கட்டைகுட்டையான பெண்மணி, முகத்தில் மாஸ்க் அழுத்திய தடம். "இதயத்தையும் தைச்சாச்சு, உணவுக்குழாயையும் தைச்சாச்சு. மறுபடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிடாம இருக்க விலாவுக்கு நடுவுலேர்ந்து கொஞ்சம் சதை எடுத்து இடையில வெச்சிருக்கோம்" என்றார். எனக்கு அவர் காலில் விழத் தோன்றியது. நாகரிகம் தடுத்துவிட்டது. பின்னால் இதை உன்னிடம் சொன்னபோது, "எங்க கடையில பஞ்சு வெச்சுத் தைப்பாங்க, இந்தம்மா சதைய வெச்சுத் தைச்சுதா? பலே கைடி" என்றாய்.

அதன்பின் பல வாரங்கள் உன் வாய்வழி ஒன்றும் போகவில்லை. வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் ஆகாரம். நோன்புப் பெருநாளும் வந்து போயிற்று. அன்வர் வீட்டுப் பிரியாணியை நர்ஸுகள் சாப்பிட்டார்கள், நீ அவர்களிடம் உப்புப் போதுமா என்று விசாரித்தாய். ஒருநாள் காலை, தைத்த இடம் கசியவில்லை என்று படம் எடுத்து உறுதி செய்துகொண்டு, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். கட்டிலைச் சுற்றி நின்றோம். நர்ஸ் ஸ்பூனை உன் உதட்டில் வைத்தாள். நீ கண்ணை மூடினாய். விழுங்கினாய்.

"போவுது" என்றாய். கண் திறக்கவில்லை. "இதோ எறங்குது... வலிக்கல... இதோ ஹார்ட்டுக்குப் பின்னால வருது..." நர்ஸ் ஸ்பூனைப் பிடித்தபடியே நின்றாள். "தாண்டிருச்சுடி."

நீ அழுதாய். நானும் அழுதேன். ஒரு ஸ்பூன் தண்ணீர் மனித உடம்புக்குள் இறங்குவதைவிடப் பெரிய அதிசயத்தை நான் பார்த்ததில்லை. கடல் பிளந்தது, மலை குடையானது என்று எத்தனையோ கதை நடத்தியிருக்கிறேன். அதையெல்லாம் நான் நேரில் கண்டேனா?

வலது கை உனக்கு முழுதாகத் திரும்பவில்லை. அதற்காக நீ ஒரு நாளும் மூலையில் உட்காரவில்லை. பூங்காவில் யாருக்காவது படபடப்புக்கு வயர் சிகிச்சை நடந்தது என்று காதில் விழுந்தால் போதும், இடது கையை ஆட்டிக்கொண்டு அவர்களிடம் போய்விடுவாய். "நல்ல வைத்தியம், பயப்படாதீங்க. ஆனா கொஞ்ச மாசத்துக்குக் காய்ச்சல், முழுங்குற வலி, கை கால் இழுக்கிறது, எது வந்தாலும் அதைப் பண்ணின டாக்டருகிட்டயே போங்க. எவன் கேட்டாலும் ஆபரேஷன் ஆயிருக்குன்னு சொல்லுங்க." சிலர் உன்னைக் கண்டால் பாதையை மாற்றிக்கொண்டு நடப்பார்கள். நீ துரத்திக்கொண்டு போய்ச் சொல்வாய். இப்போது அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்கு உன் குரல் இல்லை, ஆனாலும் விடுவதில்லை. போன மாதம் அடையாறில் பஸ்ஸுக்கு நின்ற ஒருவரைப் பிடித்து வைத்துச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உன்னைக் கடைசியில் கொண்டுபோனது இதயம் இல்லை, சிறுநீரகம். அந்த அறுவைக்குப் பிறகு உனக்குக் கிடைத்த வருஷங்களெல்லாம் அந்தச் சுவர்ப் படத்தின்மேல் நீ விரலால் போட்ட ஒரு கோட்டினால் கிடைத்தவை. கடைசி நாள் சைதாப்பேட்டை வீட்டுக் கட்டிலில் இருந்தாய். வெளியே கடைத்தெரு இரைச்சல், உள்ளே நஸ்ரின் மெல்லிய குரலில் ஓதிக்கொண்டிருந்தாள். அன்வர் உன் வாயில் மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீர் விட்டான். பிறகு ஸ்பூனை என்னிடம் நீட்டினான். "நீங்களும் குடுங்க ஆன்ட்டி. அம்மாவுக்கு உங்க கையால வேணும்."

கொடுத்தேன். தொண்டை அசைந்தது. மற்றவர்கள் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்: கழுத்துக்குள், நெஞ்சுக்கூட்டுக்குள், இன்னும் துடித்துக்கொண்டிருந்த அதற்குப் பின்னால், யாரோ ஒரு பெண்மணி சதை வைத்துத் தைத்த இடத்தைத் தொட்டுக்கொண்டு. நீ இருமவில்லை. முகம் சுருங்கவில்லை. கை நெஞ்சுக்குப் போகவில்லை.

இதயம் அதற்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நின்றது. தண்ணீர் அதற்கு முன்பே பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. உனக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. நான் பார்த்தேன்.